கேஜை மாட்டுவதற்கு முன்: ஸ்ப்ளிட் ஏசியில் அறிகுறி வழியே பழுதைப் பிடிப்பது

“குளிரவில்லை” என்று யார் கூப்பிட்டாலும் “கேஸ் குறைந்திருக்கும்” என்பதுதான் நம் தொழிலில் முதலில் வாயில் வரும் பதில். கேஸ், அதாவது குளிரூட்டும் வாயு, எரிந்து தீருகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிவைத் தேடாமல் மேலே கொஞ்சம் போட்டுவிட்டு வந்தால் சீக்கிரமே அதே வீட்டுப் படியேற வேண்டியிருக்கும். இன்னொரு விஷயம், கேஜ் (அழுத்தமானி) ஹோஸை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வெளியே போகிறது. ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கேஸ் உள்ள சின்ன மெஷினில் அந்தக் கொஞ்சமே கணக்கில் வரும். அதனால் கண், கை, தெர்மாமீட்டர், கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளப்பது) இவை நான்கும் முதலில், கேஜ் கடைசியில்.

தொடங்கும் முன் மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. சப்ளையை நிறுத்திய பிறகும் கேபாசிட்டரில் (மோட்டாருக்கான மின்தேக்கி) சார்ஜ் இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது கெட்ட பழக்கம்; ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்குங்கள். இன்வெர்ட்டர் (கம்ப்ரசர் வேகத்தை மாற்றும் வகை) போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், அது இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கம்ப்ரசர் டெர்மினல் மூடியைக் கழற்றிய நிலையில் கம்ப்ரசரை ஓட்டிப் பார்க்கவே கூடாது. டெர்மினல் பின் பிய்த்துக்கொண்டு வந்தால் எண்ணெயும் கேஸும் தீப்பிழம்பாக வரும்.

ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை

ரிமோட்டில் மோடு என்ன, செட் டெம்பரேச்சர் என்ன என்று முதலில் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ‘ஃபேன்’ மோடிலோ ‘ட்ரை’ மோடிலோ கிடக்கும் மெஷின்கள் குறைவில்லை.

அடுத்தது காற்று. ஃபில்டரைக் கழுவினால் போதும் என்று நினைப்பவர்கள் ப்ளோயரைப் பார்ப்பதில்லை. ப்ளோயர் சக்கரத்தின் இதழ்களுக்குள் அழுக்கு அப்பியிருந்தால் சத்தம் வழக்கம்போலவே இருக்கும், காற்று மட்டும் பாதியாகிவிடும். டார்ச் அடித்து இதழ்களைப் பாருங்கள். கூலிங் காயிலின் முன்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே ஃபின்களுக்கு நடுவே மெல்லிய படலமாக அழுக்கு இருக்கலாம்.

பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருந்தால் பொதுவாக மெஷின் தன் வேலையைச் செய்கிறது. ஈரப்பதம் அதிகமான நாளில் வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஏனென்றால் மெஷினின் சக்தியில் ஒரு பங்கு காற்றிலுள்ள நீரை வடிப்பதிலேயே போய்விடுகிறது. வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் பழுது அறையில் இருக்கிறது: திறந்த கதவு, வெயில் விழும் கண்ணாடி, கொதிக்கும் கூரை, போதாத டன் (மெஷினின் திறன்). வித்தியாசம் 15-ஐத் தாண்டியும் அறை குளிரவில்லையா, காற்று குறைவாக ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

வித்தியாசம் குறைவாக இருந்தால் அவுட்டோருக்கு (வெளியே உள்ள பெட்டி) போகலாம். ஃபேன் ஓடுகிறதா, முழு வேகத்தில் ஓடுகிறதா? கன்டென்சரில் (சூட்டை வெளியே விடும் காயில்) தூசி அடைத்திருக்கிறதா? வெளியே தள்ளும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்ப உள்ளே வருகிறதா? குறுகலான பால்கனிகளில் இந்தக் கடைசிக் கோளாறு சகஜம், கேஜில் பார்த்தால் இது பிடிபடவே படாது.

இப்போது கிளாம்ப் மீட்டர். சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத கம்ப்ரசரின் ஆம்பியரை நேம் பிளேட்டோடு ஒப்பிடுங்கள். கன்டென்சர் அழுக்காகவோ ஃபேன் மெதுவாகவோ இருந்தால் ஆம்பியர் ஏறும். கேஸ் குறைந்தாலோ கம்ப்ரசர் வால்வு தேய்ந்தாலோ ஆம்பியர் இறங்கும். ஒரு பைப்பைக்கூடத் திறக்காமல் பாதி வழி வந்துவிட்டோம்.

பைப்பைத் தொட்டுப் பார்ப்பதிலும் நிறைய தெரியும். பெரும்பாலான சின்ன ஸ்ப்ளிட் மெஷின்களில் அழுத்தத்தை இறக்கும் கேபிலரியோ எக்ஸ்பான்ஷன் வால்வோ அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் மெல்லிய பைப், தடித்த பைப் இரண்டுமே குளிர்ந்து வியர்த்திருப்பதுதான் ஆரோக்கியமான நிலை. மெல்லிய பைப்பில் வெண்பனி படிந்து தடித்த பைப் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால், கேஸ் குறைவு அல்லது உள்ளே அடைப்பு. தடித்த பைப்பிலும் பனி பிடித்துக் கம்ப்ரசர் வரை போயிருந்தால் காற்றோட்டம்தான் குற்றவாளி. அங்கே கேஸ் போட்டால் கம்ப்ரசருக்குள் திரவம் திரும்பி அதையும் கெடுக்கும். (இதே காரணத்தால், இந்த வகை மெஷினில் சர்வீஸ் வால்வில் மெல்லிய பைப்பின் வெப்பத்தை வைத்து சப்கூலிங் (திரவம் கொதிநிலைக்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தது) கணக்குப் போடுவது அர்த்தமில்லை. அங்கே ஓடுவது ஏற்கெனவே அழுத்தம் இறங்கிய கலவை.)

இதற்கெல்லாம் பிறகும் கேஸ் பக்கமே சந்தேகம் இருந்தால் கேஜை மாட்டுங்கள். அழுத்தத்தை மட்டும் படித்தால் போதாது. அதை வெப்பநிலையாக மாற்றிப் பார்க்க வேண்டும். சக்ஷனில் (கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கம்) 5 டிகிரி கொதிநிலைக்கு ஆர்-22 வகை கேஸ் சுமார் 70 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் 120 பிஎஸ்ஐ-ஐ ஒட்டிக் காட்டும். அதே ஆர்-22 57 பிஎஸ்ஐ-க்கும், மற்ற இரண்டும் 100 பிஎஸ்ஐ-க்கும் பக்கத்தில் வந்தால் காயில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது, ஐஸ் கட்டும். பழைய ஆர்-22 பழக்கத்தில் “எழுபது வரட்டும்” என்று ஆர்-410ஏ மெஷினில் காத்திருப்பதும், ஆர்-22 மெஷினில் நூறைத் தாண்டக் கேஸ் ஏற்றுவதும் நடக்கிற கூத்துகள்தான்.

சக்ஷன் பைப்பின் வெப்பநிலையிலிருந்து அந்தக் கொதிநிலையைக் கழித்தால் சூப்பர்ஹீட். பொதுவாக 5 முதல் 8 டிகிரி வந்தால் நல்லது. துல்லிய இலக்கு மெஷினையும் வெளி வெப்பத்தையும் பொறுத்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். சக்ஷன் குறைவு, சூப்பர்ஹீட் அதிகம்: கேஸ் குறைவு அல்லது அடைப்பு. சக்ஷன் குறைவு, சூப்பர்ஹீட்டும் குறைவு: காற்றோட்டம். சக்ஷன் அதிகம், ஆம்பியர் குறைவு, டிஸ்சார்ஜ் (கம்ப்ரசர் கேஸைத் தள்ளும்) பைப்பில் கை சுடவில்லை: கம்ப்ரசர் பம்ப் செய்யவில்லை, அல்லது ரிவர்சிங் வால்வு (கூல், ஹீட் மாற்றும் வால்வு) உள்ளுக்குள் கசிகிறது. இந்த இரண்டாவதைப் பார்க்காமல் கம்ப்ரசருக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கேஸ் குறைவையும் அடைப்பையும் பிரிப்பது எப்படி? ட்ரையர் அல்லது ஸ்ட்ரெய்னரின் (குழாயிலுள்ள வடிகட்டி) இரு முனைகளையும் தொடுங்கள். உள்ளே போகும் பக்கம் வெதுவெதுப்பும் வெளியே வரும் பக்கம் சில்லென்றும் இருந்தால் அடைப்பு அங்கேதான். கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு சக்ஷன் வேக்கம் நோக்கி இறங்கிக் குளிர் நின்று, நிறுத்தி வைத்தால் மறுபடியும் குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கேபிலரியின் வாயில் உறைந்து உறைந்து உருகுகிறது. இது போன முறை வேக்கம் ஒழுங்காகப் போடாததன், அதாவது உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுக்காததன் பலன்.

நிறுத்தி வைத்த மெஷினின் அழுத்தத்தைப் பார்த்து “கேஸ் இருக்கிறது” என்று சொல்லவும் வேண்டாம். 30 டிகிரியில் ஆர்-22 சுமார் 158, ஆர்-410ஏ சுமார் 259, ஆர்-32 சுமார் 265 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும் வரை இந்த எண் மாறாது; பாதிக் கேஸ் போயிருந்தாலும் இதேதான். ஆனால் இந்த எண்ணைவிடக் கணிசமாக அதிகம் காட்டினால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. அந்த வகையில் இது உதவும்.

கசிவு உறுதியானால் எண்ணெய்க் கறையைத் தேடுங்கள், கேஸ் போன வழியில் எண்ணெயும் போயிருக்கும். முதலில் ஃபிளேர் நட்டுகள் (பைப்பின் விரித்த முனையை இறுக்குபவை), பிறகு பைப் ஒன்றோடொன்று உரசும் இடங்கள், பிறகு காயிலின் வளைவுகள். நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குவது ஆடம்பரம் ஒன்றும் இல்லை: கால் இன்ச்சுக்கு 14 முதல் 18 நியூட்டன்-மீட்டர், மூன்றெட்டு இன்ச்சுக்கு 34 முதல் 42, அரை இன்ச்சுக்கு 49 முதல் 61. இதற்கு மேல் இறுக்கினால் ஃபிளேர் மெலிந்து அங்கேயே வெடிக்கும். மிச்சக் கேஸை ரெகவர் செய்து (சிலிண்டரில் பிடித்து), நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை போட்டுப் பார்த்து, 500 மைக்ரானுக்கு (வேக்க அளவு) கீழே வேக்கம் இழுத்து, பம்பை நிறுத்திய பிறகும் அது நிற்கிறதா என்று பார்த்து, நேம் பிளேட்டில் உள்ள எடைக்குத் தராசில் வைத்துக் கேஸ் போடுங்கள். பைப் நீளம் அதிகம் என்றால் மீட்டருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். ஆர்-410ஏ கலவை என்பதால் திரவமாகவே இறக்க வேண்டும். ஆர்-32 தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. ரெகவர் செய்து நைட்ரஜனால் கழுவாமல் பற்றவைப்புக் குழலைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஆக்சிஜனையோ சாதாரணக் காற்றையோ அழுத்தச் சோதனைக்குப் பயன்படுத்துவது உயிரோடு விளையாட்டு.

காயிலில் ஐஸ் கட்டுகிறது

ஐஸ் எங்கே கட்டியிருக்கிறது என்பதே பதில் சொல்லிவிடும். காயில் முழுக்கச் சீராக ஐஸ் என்றால் காற்று போதவில்லை: ஃபில்டர், ப்ளோயர், காயில் அழுக்கு, அல்லது ஃபேன் மோட்டாரின் வேகம். காயிலின் ஒரு ஓரத்தில், கேஸ் நுழையும் இடத்தில் மட்டும் ஐஸ் என்றால் கேஸ் குறைவு. கம்ப்ரசர் நிற்கவே இல்லாமல் ஓடி ஐஸ் கட்டினால் காயில் சென்சார் தன் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். ஐஸோடு எந்த அளவையும் எடுக்காதீர்கள். ஃபேன் மோடில் முழுக்க உருகவிட்டு, காயில் காய்ந்த பிறகுதான் சோதனை. கத்தியால் சுரண்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவுட்டோர் முனகுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

“ம்ம்ம்” என்று சில நொடிகள் முனகி, ‘டக்’ என்று கட் ஆகிறது. இது சாதாரண கம்ப்ரசரில் வரும் அறிகுறி. முதலில் கேள்வி: சற்று முன் கரன்ட் போய் வந்ததா? நிறுத்திய உடனே மறுபடி கிளப்பினால் இரண்டு பக்க அழுத்தமும் சமன் ஆகியிருக்காது, கம்ப்ரசரால் அந்த எதிர்ப்பைத் தள்ள முடியாது. மூன்று நிமிடம் பொறுத்துக் கிளப்பிப் பாருங்கள். இதற்காகத்தான் பல போர்டுகளில் மூன்று நிமிடத் தாமதம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாமதத்தையே பழுது என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

பொறுத்தும் கிளம்பவில்லை என்றால் கேபாசிட்டரை இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். மேலே எழுதியுள்ள மைக்ரோஃபாரட்டிலிருந்து அதிலேயே அச்சிட்டிருக்கும் சதவீதத்துக்குள், பெரும்பாலும் 5 அல்லது 6 சதவீதம், இருக்க வேண்டும். மண்டை வீங்கியிருந்தால் அளக்கவே தேவையில்லை. டூயல் கேபாசிட்டரில் கம்ப்ரசர் பக்கம், ஃபேன் பக்கம் இரண்டையும் பாருங்கள். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட்டேஜ் அதே அல்லது அதிகம். “பவரா இருக்கட்டும்” என்று பெரிய கேபாசிட்டர் போட்டால் ஸ்டார்ட் வைண்டிங் சூடாகிக் கருகும்.

கேபாசிட்டர் நல்லது என்றால் கிளம்பும் அந்த நொடியில் கம்ப்ரசருக்குப் போகும் வோல்ட்டேஜைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 230 காட்டிவிட்டு, கிளம்பும்போது படுத்துவிட்டால் மெலிந்த ஒயர், லூஸ் கனெக்ஷன், கருகிய காண்டாக்டர் (கம்ப்ரசருக்கான சுவிட்ச்) இவற்றில் ஒன்று. கம்ப்ரசரைக் குறை சொல்வதற்கு முன் இதைத் தீர்த்தாக வேண்டும்.

கடைசியாக வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்). ஒயர்களைக் கழற்றி சி (காமன்), ஆர் (ரன்), எஸ் (ஸ்டார்ட்) மூன்றுக்கும் இடையே ஓம் எடுங்கள். சி-ஆர் மிகக் குறைவு, சி-எஸ் அதைவிட அதிகம், ஆர்-எஸ் இவை இரண்டின் கூட்டல். ஆர்-எஸ் மட்டும் ஓம் காட்டி, சி-யிலிருந்து இரண்டுக்குமே ஓப்பன் காட்டினால் அவசரப்படாதீர்கள். கம்ப்ரசர் உடம்பு சுடுகிறதா? உள்ளே இருக்கும் ஓவர்லோட் (சூடேறினால் கட் செய்யும் பாதுகாப்பு) திறந்திருக்கிறது. நன்றாக ஆறிய பிறகு, சில சமயம் சில மணி நேரம் ஆகும், தானே மூடிக்கொள்ளும். இந்த ஓப்பனைப் பார்த்து “வைண்டிங் போச்சு” என்று தூக்கியெறியப்பட்ட நல்ல கம்ப்ரசர்கள் எத்தனையோ. ஆறிய பிறகும் ஓப்பன் என்றால்தான் தீர்ப்பு.

எல்லா எண்களும் சரி, கேபாசிட்டர் சரி, வோல்ட்டேஜ் சரி, ஆனால் ஆம்பியர் ஓடும் ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு ஏறி அப்படியே நிற்கிறது என்றால் கம்ப்ரசர் ஜாம்.

ஓடி ஓடி நிற்கிறது

கம்ப்ரசர் பத்து நிமிடம் ஓடி ஓவர்லோடில் நின்று, ஆறி, மறுபடி ஓடினால் முதலில் அவுட்டோர் ஃபேனைப் பாருங்கள். ஃபேனின் கேபாசிட்டர் பலவீனமானால் அது நிற்காமல் மெதுவாகச் சுற்றும். பார்வைக்கு ஓடுவது போலவே இருக்கும். அழுக்குக் கன்டென்சரும் இதையே செய்யும். இவை இரண்டும் சரி என்றால் கேஸ் அதிகமாக இருக்கலாம், அல்லது குறைவாகவும் இருக்கலாம்: சக்ஷன் வழியே திரும்பிவரும் குளிர்ந்த கேஸ்தான் மோட்டாருக்கே குளிரூட்டி.

எம்சிபி விழுகிறது

எம்சிபி என்பது ஆம்பியர் மீறினால் தானே கட் ஆகும் சுவிட்ச். எப்போது விழுகிறது என்று கேளுங்கள். போட்டவுடன் விழுந்தால் ஷார்ட். கம்ப்ரசர், ஃபேன், போர்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எதைக் கழற்றினால் நிற்கிறது என்று பாருங்கள். அரை மணி கழித்து விழுந்தால் ஆம்பியர் அதிகம், அல்லது எம்சிபியின் ஸ்க்ரூ லூசாகி அந்தச் சூட்டிலேயே அது விழுகிறது. ஆர்சிசிபி (மின்கசிவில் கட் ஆகும் சுவிட்ச்) மட்டும் விழுந்தால் எர்த்துக்குக் கசிவு. போர்டைக் கழற்றிவிட்டு, கம்ப்ரசருக்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுங்கள். வேக்கத்தில் இருக்கும் கம்ப்ரசருக்கு மெக்கரும் போடக் கூடாது, கரன்ட்டும் கொடுக்கக் கூடாது. உள்ளேயே ஆர்க் அடித்து வைண்டிங் போய்விடும்.

தண்ணீர் கொட்டுகிறது

ட்ரெயின் பைப் அடைப்புதான் பெரும்பாலும். ஒரு கப் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெளியே வருகிறதா பாருங்கள். வந்தால் சரிவைப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும், நடுவில் எங்கும் வயிறு தொங்கக் கூடாது, முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. இண்டோர் ட்ரெயின் இல்லாத பக்கம் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறதா? இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் மேலே சொன்ன ஐஸ் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். பாதிக் காயிலில் கட்டிய ஐஸ் உருகும்போது தட்டைத் தாண்டி விழும். வாயிலிருந்து துளிகள் பறந்தால் ப்ளோயர் அழுக்கு. இண்டோருக்குப் பின்னால் சுவர் ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தால் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று உள்ளே வியர்க்கும், இதை யாரும் பார்ப்பதில்லை.

இன்வெர்ட்டர் எரர் கோட் காட்டுகிறது

கோட் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. அவுட்டோர் பேனலின் உள்பக்கத்திலோ மேனுவலிலோ பட்டியல் இருக்கும். கோட் ஒரு சர்க்யூட்டின் பெயரைத்தான் சொல்கிறது, போன பாகத்தின் பெயரை அல்ல. சென்சார் கோட் வந்தால் முதலில் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சென்சாரின் ஓம் சூடு ஏற ஏறக் குறையும். 25 டிகிரியில் 5 அல்லது 10 கிலோ ஓம் வகைகள் அதிகம், டிஸ்சார்ஜ் சென்சார் மட்டும் பெரிய எண்ணில் இருக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டால் 25 டிகிரி மதிப்பைப் போலச் சுமார் மூன்று மடங்கு வர வேண்டும்.

கம்யூனிகேஷன் கோட் என்றால் நியூட்ரலுக்கும் சிக்னல் ஒயருக்கும் இடையே டிசி பாருங்கள். எண் ஏறி இறங்கி ஆடினால் பேச்சு நடக்கிறது. அசையாமல் நின்றால், இரண்டு பக்கமும் ஒயரின் வரிசை சரியா, நடுவில் ஜாயின்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே போர்டைச் சந்தேகிக்கலாம்.

கம்ப்ரசர் டிரைவ் கோட் என்றால் கம்ப்ரசரின் யு, வி, டபிள்யூ முனைகள் மூன்றுக்கும் நடுவே ஓம் எடுங்கள். மூன்று ஜோடியும் ஒன்றுபோல வர வேண்டும். சரியாக வந்தால் ஐபிஎம்-ஐ (கம்ப்ரசரை ஓட்டும் பவர் மாட்யூல்) மீட்டரின் டயோடு மோடில் பாருங்கள்: பி-யிலிருந்தும் என்-னிலிருந்தும் (டிசியின் பிளஸ், மைனஸ்) மூன்று முனைகளுக்கும் ஆக ஆறு அளவுகள், ஆறும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஷார்ட் காட்டினால் போர்டு போய்விட்டது. அப்படியானாலும் கம்ப்ரசருக்கு மெக்கர் போடாமல் புதுப் போர்டை மாட்டாதீர்கள், அதுவும் அதே வழியில் போகும்.

டிஸ்சார்ஜ் சூடு கோட் கேஸ் குறைவுக்கு நல்ல சாட்சி. ஆர்-32-இல் டிஸ்சார்ஜ் வெப்பம் இயல்பாகவே ஆர்-410ஏ-ஐவிட அதிகம் என்பதால் இது சீக்கிரம் வரும். இன்வெர்ட்டரில் சும்மா கேஜை மாட்டிப் படித்து முடிவு செய்யவும் முடியாது. கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். டெஸ்ட் மோடில் போட்டு வேகத்தை நிலைநிறுத்திய பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

ஹீட் மோடில் சூடு வரவில்லை

முதல் எச்சரிக்கை: ஹீட் மோடில் தடித்த பைப்தான் டிஸ்சார்ஜ். சக்ஷன் என்று நினைத்து லோ சைடு கேஜை மாட்டினால் முள் எல்லையைத் தாண்டி ஓடும்.

ஃபேன் நின்று, அவுட்டோரிலிருந்து புகை போல ஆவி வந்து, ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி சூடு வந்தால் அது டிஃப்ராஸ்ட் (அவுட்டோரில் கட்டிய ஐஸை உருக்குவது), பழுது இல்லை. ஐஸ் கரையாமல் அடியிலிருந்து ஏறிக்கொண்டே வந்தால் டிஃப்ராஸ்ட் சென்சார், அடித்தட்டின் வடிகால் ஓட்டை, கேஸ் அளவு என்ற வரிசையில் பாருங்கள்.

ஹீட் போட்டும் குளிர்ந்த காற்றே வந்தால் ரிவர்சிங் வால்வு. காயிலுக்கு வோல்ட்டேஜ் வருகிறதா, நடு ஸ்க்ரூவின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் காந்தம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தும் மாறவில்லை என்றால் உள்ளே சிக்கியிருக்கிறது. பாதியில் சிக்கினால் கூலிங்கும் இல்லை, ஹீட்டும் இல்லை. மூன்று பைப் இருக்கும் பக்கத்தில் நடுப் பைப்தான் கம்ப்ரசர் சக்ஷன். அதையும் குளிர்ந்த ஓரப் பைப்பையும் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். நடுப் பைப் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் சூடான கேஸ் உள்ளே கசிந்து சக்ஷனுக்கே திரும்புகிறது. வால்வை மாற்றும்போது ஈரத்துணி சுற்றியே பற்றவையுங்கள், உள்ளே இருக்கும் நழுவல் துண்டு பிளாஸ்டிக் வகை.

சத்தம், நாற்றம்

நிறுத்தியதும் வரும் ‘கொளகொள’ சத்தம் அழுத்தம் சமன் ஆவது; பிளாஸ்டிக் பாடியின் ‘டிக் டிக்’ சூடு மாறுவதால் விரிந்து சுருங்குவது. இரண்டையும் விட்டுவிடுங்கள். அவுட்டோரின் உலோக அதிர்வை மட்டும் விடக்கூடாது: எந்தப் பைப் எதில் உரசுகிறது என்று கண்டுபிடித்து ரப்பர் வைத்துப் பிரித்துவிடுங்கள். நாற்றம் பெரும்பாலும் காயிலிலும் ப்ளோயரிலும் படிந்த அழுக்கு. சாக்கடை வாடை அடித்தால் ட்ரெயின் பைப்பை நேரே கழிவுநீர்க் குழாயில் சொருகியிருப்பார்கள். காயில் கழுவ ஆசிட் வகைத் திரவம் வேண்டாம், அலுமினியம் ஃபின்னை அரிக்கும். போர்டை மூடிக்கொண்டு, கழுவிய பின் நிறையத் தண்ணீரால் அலசிவிடுங்கள்.